மாப்பிள்ளையை விட்டுட்டு மாலையைப் புடிச்ச கேமரா

ஏலே தம்பி, இங்கன வா. அந்தக் கேமராவைக் கொஞ்ச நேரம் கீழ வையி. காலையிலருந்து அதோட பொத்தானை அமுக்குத, சக்கரத்தைத் திருகுத, இன்னும் ஒரு படம் எடுத்தபாடில்ல. கேட்டா "செட்டிங்ஸ் பாக்கேன் தாத்தா"ங்குத. கல்யாணம் நாளைக்குலே! நீ செட்டிங்ஸ் பாத்து முடிக்கதுக்குள்ள அந்தப் புள்ளைக்கு வளைகாப்பே வந்துரும் போலுக்கே.

உள்ள 759 போகஸ் புள்ளி இருக்குன்னு நேத்து பெருமையாச் சொன்ன. மார்கழி மாசம் உங்க ஆச்சி வாசலை அடைச்சுப் போடுத கோலத்துல கூட அம்புட்டுப் புள்ளி கெடையாது. அவளாவது எந்தப் புள்ளியில தொடங்கி எங்கன முடிக்கணும்னு தெரிஞ்சு போடுவா. ஒன் கேமராவுக்கு அது தெரியலையேலே.

அதுக்குத்தான மெனுவுன்னு சொல்லுவ. சரி, அந்த மெனுவைத்தான் நானும் ஒருநா மத்தியானம் ஒக்காந்து பாத்தேன். ஒருதரம் புடிச்சா போதுமா, தொடர்ந்து புடிக்கணுமா? முழுச் சட்டமா, ஒரு பகுதியா, ஒத்தப் புள்ளியா? குறுக்க ஆளு வந்தா ஒடனே அவன் பின்னால போகணுமா, கொஞ்சம் பொறுக்கணுமா? இம்புட்டும் சொன்ன பெறவு, எதிர்ல நிக்கது மனுசனா மிருகமா பறவையான்னு வேற கேக்குது. 2022ல வந்த ஒரு கேமராவுல பூச்சி, காரு, ரயிலு, ஏரோப்ளேன் வரைக்கும் பட்டியல் போட்டு வச்சிருக்கான். மணமேடைக்கு ரயிலா வரப்போவுது? கோவப்படாமச் சொல்லு. முன்னால நிக்கது மாப்பிள்ளையா பூச்சியான்னு நீதான் சொல்லிக் குடுக்கணும்னா, ரெண்டு பேர்ல கெட்டிக்காரன் யாருலே?

போன ஆவணியில தெக்குத் தெருக் கல்யாணத்துல நடந்த கூத்து ஒனக்குத் தெரியுமா? பட்டணத்துலருந்து வந்த பய. ஆள் உசரத்துக்கு ஒரு பை. 85 லென்ஸை 1.4ல தொறந்து வச்சுக்கிட்டு மாப்பிள்ளைக்கு நாலடி தூரத்துல போயி நிக்கான். அந்தக் கணக்குல தெளிவா விழுத ஆழம் ரெண்டு சென்டிமீட்டர் கூடத் தேறாது. ஒரு கண்ணு தெளிஞ்சா மறுகண்ணு கலங்கிரும். அய்யரு ஓமத்துல நெய்யை ஊத்துனாரு. பொகை குப்புன்னு வந்துச்சு. கெட்டிமேளம்னு சத்தம். எல்லாரும் அட்சதையை எறியுதாவ. இந்தப் பய லென்ஸு மட்டும் சர்ரு சர்ருன்னு முன்னயும் பின்னயும் அலையுது. ஆல்பம் வந்து பாத்தா மாலையில இருக்க ஒவ்வொரு பூவும் எண்ணிக்கிடலாம். தாலி கட்டுத மாப்பிள்ளை முகத்தைக் காணல. இன்னொரு படத்துல அதைவிடக் கூத்து. பின்னால கட்டியிருந்த பேனர்ல ஒரு தலைவரு சிரிச்சுக்கிட்டு நிக்காரு பாரு, கேமரா அவரு முகத்தைக் கெட்டியாப் புடிச்சிருக்கு. வாழ்த்த வந்தவரு தெளிவா இருக்காரு, வாழப்போறவன் மசமசன்னு இருக்கான்!

கேமராவைக் குத்தஞ் சொல்லலலே. வெளுப்பும் கருப்பும் பக்கத்துல பக்கத்துல இருக்க விளிம்பைத்தான் அது தேடுது. பொகைக்குள்ள விளிம்புக்கு எங்க போகும்? வெள்ளைச் சுவரு, பட்டு வேட்டி, மங்குன வெளிச்சம், இங்கல்லாம் அதுக்குப் புடிமானம் கெடைக்காது. புடிமானம் இல்லாதது அலையத்தான செய்யும்? கையில போகஸ் வளையத்தை வச்சுக்கிட்டே மெனுவுக்குள்ள தேடுதானே, அவனத்தான் சொல்லணும்.

எம்பெட்டியில ஒரு நிக்கான் எஃப்எம்2 கெடக்கு. 1982ல வந்த மாடல். பேட்டரி செத்தாலும் ஷட்டர் விழும். வெளிச்ச மீட்டர் மட்டுந்தான் படுத்துக்கிடும். கண்ணை வச்சுப் பாத்தா நடுவுல ஒரு வட்டம், அதுக்குக் குறுக்க ஒரு கோடு. மாப்பிள்ளை நாமம் போட்டவரா இருந்தா நமக்கு யோகம். நாமத்தோட மேல்பாதி ஒரு பக்கம், கீழ்ப்பாதி ஒரு பக்கம்னு வெலகி நிக்கும். வளையத்தைப் பைய திருகுனா ரெண்டும் வந்து ஒட்டிக்கிடும். அம்புட்டுத்தான், அமுக்கு. நாமம் இல்லையா? ஜிப்பா ஓரம் இருக்கு, பந்தக்காலு இருக்கு.

ஒண்ணு சொல்லுதேன், சிரிக்காத. ஒன் கேமராவுக்குள்ள பேஸ் டிடெக்‌ஷன்னு ஒண்ணு இருக்குல்லா? அது செய்யுததும் இதே சோலிதான். லென்ஸோட இந்தப் பக்கமா வருத வெளிச்சத்தையும் அந்தப் பக்கமா வருத வெளிச்சத்தையும் ஒப்பிட்டு, ரெண்டு பிம்பமும் எம்புட்டு வெலகி நிக்குன்னு அளக்குது. நான் கண்ணால பாத்ததை அது கணக்குப் போட்டுப் பாக்குது. வேகத்துல அது என்னை நூறு தரம் ஜெயிச்சிரும், இல்லங்கல. ஆனா மாப்பிள்ளையை அளக்கணுமா மாலையை அளக்கணுமான்னு அதுக்கு யாரு சொல்லுவா?

திருகவே நேரமில்லாத நேரம் வந்தா என்ன செஞ்சோம்னு கேளு. லென்ஸ் மேலயே அடிக்கணக்கு எழுதியிருக்கும். 35 லென்ஸை எஃப் 11ல வச்சு 12 அடியில நிறுத்திட்டா, ஆறடியிலருந்து அந்தாக்கல கோயில் கோபுரம் வரைக்கும் எல்லாம் தெளிவு. பெறவு போகஸைத் தொடவே வேண்டாம். சனத்தைப் பாத்தாப் போதும். இப்ப வருத லென்ஸ் பலதுல அந்த அடிக்கணக்கையே அழிச்சுட்டான். வளையத்தைத் திருகுனா முட்டி நிக்குத எடமும் இல்ல, சுத்திக்கிட்டே கெடக்கு. கண்ணாடியை அது நேரா நகத்தல, உள்ள இருக்க மோட்டாருக்குத் தாக்கல் சொல்லுது. சுவிச்சை அணைச்சுட்டுத் திருகிப்பாரு, ஒண்ணும் அசையாது.

தானா புடிக்குத இந்த ஆட்டோ போகஸ் வந்த கதையையும் கேளு. 1977ல கொனிக்கா சின்னக் கேமராவுல அதைக் கொண்டாந்தான். 1985ல மினோல்டா 7000 வந்த பெறவு பெரிய கேமராக்காரன் எல்லாம் அந்தப் பக்கம் சாஞ்சான். 1992ல கேனான் ஈஓஎஸ் 5ன்னு ஒண்ணு. நீ கண்ணால எந்தப் புள்ளியைப் பாக்கியோ அங்கனயே போகஸ் புடிக்கும்னான். பெறவு அந்த வேலையை ரொம்ப வருசம் கெடப்புல போட்டுட்டு, 2021ல ஆர்3ல மறுபடி தூசு தட்டிக் கொண்டாந்திருக்கான். சுத்திச் சுத்தி மனுசன் எங்க பாக்கான்னு கேட்டுத்தான வந்து நிக்கான்?

சினிமாக்காரனைப் பாரு. கோடிக்கணக்குல கொட்டுதான். அங்க போகஸுக்குன்னே ஒரு ஆளு டேப்பைப் புடிச்சு, நடிகரு கண்ணுலருந்து கேமரா வரைக்கும் தூரத்தை அளப்பான். சக்கரத்துல குறி போட்டுக்கிடுவான். நடிகரு நடக்க நடக்கக் கையால திருப்புவான். அவனுக்கு என்ன, மெனு படிக்கத் தெரியாதா?

அதுக்காக ஆட்டோவைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லல. ஓடுத புள்ளை, பறக்குத கொக்கு, பந்து வெளையாட்டு, இதுக்கெல்லாம் அது நல்ல வேலைக்காரன். எனக்கே இப்ப கண்ணு மங்கல்தான். பேரப்புள்ளைய எடுக்கும்போது அதைத்தான் நம்புதேன்.

நாளைக்கு இப்படிச் செய்யி. 1.4ஐ ஊர்ல விட்டுட்டு வா, 5.6 போதும், வெளிச்சம் பத்தலன்னா பிளாஷைப் போடு. நடுப்புள்ளி ஒண்ணே ஒண்ணை வச்சுக்கோ. மேளக்காரரு குச்சியை ஓங்கதுக்கு முன்னாடியே பொண்ணு கழுத்துல போகஸைப் புடிச்சு, சுவிச்சைக் கையால திருகுத எம்எஃப்ல தள்ளிரு. பெறவு நின்ன எடத்தை விட்டு அசையாத. உங்கம்மா கூப்பிட்டாலும் அசையாத.

பொண்ணு அசைஞ்சுட்டா என்ன செய்யன்னு முழிக்காத. தாலி ஏறுத நேரத்துல எந்தப் பொண்ணுலே எந்திரிச்சு ஓடுது? அப்படி ஓடுச்சுன்னா ஒடனே ஆட்டோவுல போட்டுரு. டிராக்கிங்கு அதுக்குத்தான வச்சிருக்கான்.