பாக்ஸ்டர்காரர்

கலிபோர்னியாவின் புறநகர் வீடுகளில் வாழும் நடுவயது ஆண்களுக்குள் ஒரு தனிப் பிரிவினர் உண்டு. ஓடிக் களைத்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, அதைக் கட்டிக் காக்கும் செலவை ஈடுகட்டுவதற்காக அதையே முன்பின் அறியாதவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டு, விட்ட நாள் முழுவதும் உறக்கமின்றித் தவிப்பவர்கள் இவர்கள். இவர்களைப் பணம் பண்ணத் துடிப்பவர்கள் என்று கருதுவது பிழையாகும். இவர்கள் நாடுவது இலாபத்தை அன்று, வீட்டாரிடம் காட்டுவதற்கு ஒரு கணக்கை. அந்தக் கணக்கில் வரவுப் பக்கம் வெறுமையாக இல்லாதிருந்தாலே இவர்களுக்குப் போதும்.

இப்பிரிவினர் தோன்றுவதற்கு இரண்டு ஏற்பாடுகள் துணைசெய்தன. தனியார் தம் சொந்தக் காரைப் பிறருக்கு வாடகைக்கு விடுவதற்கு இணையவழி இடைத்தரகு செய்யும் நிறுவனங்கள் முதலாவது. 2010இல் ரிலேரைட்ஸ் என்னும் பெயரில் தொழில் தொடங்கி 2015இல் டூரோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் அவற்றுள் பெயர்பெற்றது. இரண்டாவது, 2010இல் கலிபோர்னியாவில் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம். காரை இவ்வாறு பகிர்ந்துகொண்டார் என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவருடைய சொந்தக் காப்பீட்டை இரத்துசெய்யக் கூடாது என்றும், வாடகைக் காலத்தில் நேரும் விபத்துக்கு இடைத்தரகு நிறுவனத்தின் காப்பீடே பொறுப்பு என்றும் அச்சட்டம் வகுத்தது. இத்துறையில் காரை விடுபவரை விருந்தோம்புநர் என்றும் எடுப்பவரை விருந்தினர் என்றும் அழைப்பது வழக்கம்; காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் சாவிக்கு இத்தனை மரியாதையான பெயர் வேறெந்தத் தொழிலிலும் கிடைத்ததில்லை.

இவர் தேர்ந்தெடுக்கும் வண்டி பெரும்பாலும் போர்ஷே பாக்ஸ்டராக இருக்கும். 1996இல் வெளிவந்து, 986 என்னும் வடிவ எண்ணால் ஆர்வலர்களிடையே அறியப்படும் அதன் முதல் தலைமுறை, 1990களின் தொடக்கத்தில் நட்டத்தில் தத்தளித்த போர்ஷே நிறுவனம் கரையேறத் துணைநின்ற வண்டி. நிறுவனத்தைக் கரையேற்றிய அதே வண்டி இன்று தன் நான்காவது, ஐந்தாவது உரிமையாளர்களை ஆழம் பார்த்துக்கொண்டிருக்கிறது. புதிய சாதாரணக் கார் ஒன்றின் விலையில் பாதிக்கும் குறைவாகவே அது கிடைக்கிறது என்பதால் தாம் சிக்கனமாக நடந்துகொண்டதாகவே இவர் நம்புகிறார். யானையைக் கட்டித் தீனி போடுவதில் யானையின் விலை மிகச் சிறிய பகுதி என்பது, எண்ணெய் மாற்றுவதற்கு எட்டு லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டியிருக்கும்போதுதான் இவருக்கு விளங்குகிறது. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் மூடிகளுக்கு அடியில் ஒளிந்திருப்பதால், அதற்காக இவ்வளவு செலவழிப்பவர் அதை ஒருமுறையேனும் கண்ணாரக் கண்டிருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்த எஞ்சினுக்குள் இவருடைய அச்சங்கள் அனைத்துக்கும் மூலமான ஒரு சிறு பொருள் இருக்கிறது. எஞ்சினின் முதன்மைத் தண்டிலிருந்து வால்வுகளை இயக்கும் தண்டுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் இடைத்தண்டு ஒன்று உண்டு. அதைத் தாங்கும் பேரிங் தேய்ந்து சிதறினால் வால்வுகளின் தாளம் தவறி, அவை பிஸ்டனில் மோதி, எஞ்சின் முழுவதும் பாழாகிவிடும். எல்லா வண்டிக்கும் இது நேர்வதில்லை. ஆனால் எந்த வண்டிக்கு எப்போது நேரும் என்று எவராலும் சொல்ல இயலாது. இவ்வகைக் கார்களை நன்கறிந்தோரிடையே, நிறுத்தியே வைக்கப்படும் வண்டியைவிட அடிக்கடி ஓடும் வண்டியில் இந்தப் பேரிங் நெடுநாள் உழைக்கும் என்றொரு நம்பிக்கை பரவலாக உண்டு. வாடகைக்கு விடுவது என்ற முடிவை வீட்டில் முன்வைக்கும்போது இவர் மேற்கொள்ளும் வாதத்தின் அச்சாணி இதுவே. வண்டி ஓடினால்தான் பிழைக்கும்; தம்மால் வாரம் முழுவதும் ஓட்ட முடியாது; ஆகவே பிறர் ஓட்டட்டும், அதற்குக் காசும் தரட்டும். தருக்க நெறிப்படி இதில் குறையொன்றுமில்லை. பேரிங்குக்கு நலம் பயக்கும் அதே ஓட்டம் கிளட்சையும் டயரையும் தின்றுவிடும் என்பதை மட்டும் அவர் அன்றைக்குச் சொல்லாமல் விடுகிறார்.

கிளட்ச் என்பது தனியே ஓர் அதிகாரத்துக்கு உரிய பொருள். அமெரிக்கர்களில் பெரும்பாலோர் தானியங்கிக் கியரில் ஓட்டப் பழகியவர்கள். கிளட்சை மிதித்துக் கையால் கியர் மாற்றும் வண்டியை ஓட்டத் தெரிந்தவர்கள் அருகிவருகிறார்கள், ஓட்டத் தெரியும் என்று சொல்பவர்கள் மட்டும் அருகுவதில்லை. கல்லூரிக் காலத்தில் தந்தையின் டிரக்கை இருமுறை ஓட்டியவரும் தம்மைக் கைதேர்ந்தவராகவே அறிவித்துக்கொள்வதால், சாவியைக் கொடுக்குமுன் இவர், வந்தவர் பயணம் செல்லும் ஊரைப் பற்றியும் பருவநிலையைப் பற்றியும் பேசுவதுபோலப் பேசி, கடைசியாக எப்போது கியர் வண்டி ஓட்டினார் என்பதை நயமாகப் பிடுங்க முயல்வார். பதில் எதுவாக இருந்தாலும் பணம் முன்னரே செலுத்தப்பட்டுவிட்டதால் ஆவது ஒன்றுமில்லை. விருந்தினர் மேட்டுத் தெருவில் வண்டியை நகர்த்த முயலும்போது எழும் தீய்ந்த வாடையை, வாசலில் நின்று கையசைத்தபடியே, மலர்ந்த முகம் மாறாமல் முகரும் பயிற்சி இவருக்கு நாளடைவில் கைவருகிறது.

சாவியைக் கொடுக்கும் சடங்கு சிறிது விரிவாகக் காணத்தக்கது. முதலில் புகைப்படம்: பின்னர் ஏதேனும் சேதம் என்று உரிமை கோரவேண்டி வந்தால் சான்று வேண்டும் என்பதால், வண்டியைச் சுற்றிக் குனிந்தும் மண்டியிட்டும் இவர் எடுக்கும் படங்கள், திருமண வீட்டில் மணமக்களுக்கு எடுக்கப்படுவனவற்றுக்குக் குறைந்தவை அல்ல, சக்கரத்து உலோக வளையங்களின் விளிம்புகள் தனித்தனியே எடுக்கப்படும். அடுத்து மடக்குக் கூரை பற்றிய விரிவுரை. 2002 வரை வந்த வண்டிகளில் கூரையின் பின்சாளரம் கண்ணாடியால் ஆனதன்று, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனது. கூரையை மின்விசையால் ஒரே வீச்சில் மடக்கினால் அது தாறுமாறாகக் கசங்கி, நாளடைவில் அம்மடிப்பிலேயே கிழிந்துவிடும். ஆகவே கூரையைப் பாதியில் நிறுத்தி, இறங்கிவந்து, உள்ளங்கையின் விளிம்பால் சாளரத்தின் நடுவே மெல்ல வெட்டுவதுபோலத் தட்டி, மடிப்பை நேராக்கிவிட்டு, மீண்டும் ஏறி அமர்ந்து கூரையை முழுதும் இறக்க வேண்டும். உரிமையாளர்கள் இதைப் பாக்ஸ்டர் வெட்டு என்றே வழங்குகிறார்கள். இந்த வித்தையை இவர் மும்முறை செய்துகாட்டுவார். மாலிபுக் கடற்கரைச் சாலையில் மாலை வெயிலில் காதலியுடன் செல்ல வந்தவர், தலையை மும்முறை ஆட்டிவிட்டு, முதல் திருப்பத்திலேயே பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்திவிடுவார்.

வண்டி பார்வையை விட்டு அகன்றபின் தொடங்குவது கண்காணிப்பு. இருக்கைக்கடியில் பொருத்தப்பட்ட இடங்காட்டி அனுப்பும் புள்ளி இவருடைய கைபேசித் திரையில் நகர்ந்துகொண்டே இருக்கும். உணவு மேசையில் அதை மடியில் வைத்துப் பார்ப்பார். புள்ளி நெடுஞ்சாலையில் நேராகச் சென்றால் நிம்மதி. மல்ஹாலண்ட் மலைச்சாலையின் வளைவுகளுக்குள் புகுந்தால் உணவு இறங்காது. ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டாலோ, பழுதாகி நின்றதா, படம் எடுக்க நின்றதா என்பது தெரியாத வேதனை. இவ்வேதனைக்கு வரலாற்று ஆதாரமும் உண்டு. 1966இல் ஹெர்ட்ஸ் என்னும் வாடகைக் கார் நிறுவனம், பந்தயக்காரர் கரோல் ஷெல்பி வடிவமைத்த ஜிடி350எச் என்னும் ஃபோர்டு மஸ்டாங் வகை வண்டிகள் ஏறத்தாழ ஆயிரத்தை வாங்கிப் பொதுமக்களுக்கு வாடகைக்கு விட்டது. வார இறுதியில் அவற்றை எடுத்தவர்களில் சிலர் நேரே பந்தயத் திடலுக்கு ஓட்டிச் சென்று, ஆசை தீர ஓட்டியபின், திங்கட்கிழமை ஒன்றும் அறியாதவர்போலத் திருப்பித் தந்தார்கள் என்பது கார் உலகில் தலைமுறை கடந்து வழங்கும் கதை. இவர் இக்கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார், தம் வண்டி கராஜில் நிற்கும் நாள்களில் மட்டும்.

வண்டி திரும்பிய பின் எழும் சிக்கல் மெய்ப்பொருளியல் சார்ந்தது. கீறலும் நசுங்கலும் சேதம். அவற்றுக்கு ஈடு உண்டு. கிளட்சும் பிரேக்கும் டயரும் தேய்வது இயல்பான தேய்மானம். அதற்கு ஈடு இல்லை. வந்தவர்கள் எத்தனை பேர் ஆளுக்குச் சிறிது தேய்த்தாலும், தேய்ந்து முடிந்த நாளில் வண்டி யார் கையில் இருந்ததோ அவர் குற்றமற்றவர், அதற்கு முன்னிருந்தோரும் குற்றமற்றவர். பணம் கட்டுபவர் மட்டும் ஒருவர். எனினும் கியர்பெட்டியைக் கழற்றினால்தான் கிளட்சை மாற்ற முடியும் என்பதும், கியர்பெட்டி கழன்றிருக்கும்போது மட்டுமே அந்த அச்சந்தரும் பேரிங்கையும் எளிதில் மாற்ற முடியும் என்பதும் நினைவுக்கு வந்தவுடன், கிளட்சைத் தீய்த்துக் கொடுத்தவர்மீது இவருக்கு ஒருவகை நன்றியுணர்வே பிறப்பதைக் காணலாம். மெக்கானிக்கின் பட்டியல் வந்தபின் அவ்வுணர்வு நீடிப்பதில்லை.

ஆண்டிறுதியில் வரிக்கணக்கு. நாளுக்கு நூறு டாலர் வாடகை என்றும், அதில் கால்பங்கு இடைத்தரகு நிறுவனத்துக்கு என்றும் கொண்டால், மாதம் ஐந்து நாள் ஓடிய வண்டி ஆண்டுக்கு 4,500 டாலர் ஈட்டும். அதை மேற்சொன்ன ஒற்றைப் பட்டியலே பெரும்பாலும் விழுங்கிவிடும். காப்பீடு, பதிவுக் கட்டணம், இரண்டாண்டுக்கு ஒருமுறை புகைச் சோதனை ஆகியவை வரிசையில் காத்திருக்கும். அமெரிக்க வருவாய்ச் சட்டத்தின் 183ஆம் பிரிவு, ஐந்தாண்டுகளில் மூன்றாண்டேனும் இலாபம் காட்டிய முயற்சியைத் தொழில் என்று ஊகித்துக்கொள்கிறது. அவ்வாறு காட்டாமலும், இலாப நோக்கம் இருந்ததை வேறு வகையில் மெய்ப்பிக்காமலும் போனால் அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்கின் வருமானத்துக்கு வரி உண்டு, 2018 முதல் அதன் செலவுக்குக் கழிவு இல்லை. மனைவி முதல் நாளே சொன்னதைச் சட்டம் ஐந்தாண்டு பொறுத்திருந்து சொல்கிறது என்பதைத் தவிர இரண்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இதைவிடக் கசப்பான உண்மை ஒன்று உண்டு. வெயில் காயும் சனி ஞாயிறுகளில்தான் மடக்குக் கூரை வண்டிக்கு ஆள் வருகிறது. ஆகவே நல்ல நாள்களெல்லாம் விருந்தினருக்கும், மழைநாள்கள் உரிமையாளருக்கும் என்று பாகம் பிரிந்துவிடுகிறது. ஓட்டுவதற்காக வாங்கிய வண்டியை இவர் ஓட்டுவதைவிடக் கழுவுவதே மிகுதி.

இந்நிலையில் இவ்வினத்தாருள் அறிவு முதிர்ந்தோர் கண்டறியும் தீர்வு இரண்டாவது கார். விமான நிலையத்துக்கு வந்திறங்குவோர் விரும்புவது போர்ஷே அன்று, பழைய டொயோட்டா கொரொல்லா என்பதையும், அது நின்ற நாளின்றி ஓடிச் சம்பாதிக்கும் என்பதையும் கண்டுகொண்ட இவர், கொரொல்லா ஒன்றை வாங்கி, இரண்டு வண்டிகளின் வரவுசெலவையும் ஒரே ஏட்டில் சேர்த்தெழுதத் தொடங்குகிறார். இடங்காட்டி இல்லை, விரிவுரை இல்லை, படங்கள் நான்கே. கொரொல்லாவின் உழைப்பில் பாக்ஸ்டரின் நட்டம் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது. அடுத்த கட்டமாக, வீட்டாரின் அன்றாடக் காரும் வாடகைப் பட்டியலில் ஏறுகிறது. அது வெளியே போயிருக்கும் வாரநாள்களில் இவர் அலுவலகத்துக்கு எதில் செல்வது என்ற கேள்வி எழும்போது, வேறு வழியின்றி, மிகுந்த தயக்கத்துடன், கூரையை மடக்கிக்கொண்டு பாக்ஸ்டரிலேயே புறப்படுகிறார். இரயில் கட்டணம் மிச்சம் என்று அன்றிரவே வரவுப் பக்கத்தில் ஒரு வரி ஏறுகிறது.