செப்பேடும் சர்வீஸ் புக்கும்

காஞ்சிபுரத்தை ஒட்டிய கூரத்தில் ஏழாம் நூற்றாண்டில் ஒரு சிவன் கோயிலுக்கு நிலம் விட்ட பரமேசுவரவர்மப் பல்லவன், ஏரி, வாய்க்கால், மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏற்பாடு எனச் சகலத்தையும் செப்பேட்டில் பொறித்து வைத்தான். இன்றும் வாசிக்க முடிகிறது. ஆனால் இன்று செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் கார் விற்பவரிடம் ஆறு வருடத்து சர்வீஸ் புக்கைக் கேட்டுப் பாருங்கள். "வீடு மாத்துனப்போ எங்கியோ போயிடுச்சு சார்!"

காரும் லேசுப்பட்டதல்ல. காலையில் சமர்த்தாக ஓடும். மத்தியான வெயிலில் கியர் ஆயில் சூடேறியதும், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் இன்ஜின் உறுமும், வேகம் ஏறாது. ஷெட்டுக்குள் நுழைந்தால் பரம சாது. "நல்லாத்தானே சார் ஓடுது?" என்பார் மெக்கானிக்.

ஸ்கேனரில் ஃபால்ட் கோடு ஒன்றுகூட இல்லையா? சந்தோஷப்படாதீர்கள். அதிலேயே 'ரெடினஸ்' பக்கத்தைப் பாருங்கள். சோதனைகள் பல முடியாமல் நின்றால், சமீபத்தில் யாரோ கோடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். டிப்ஸ்டிக் உள்ள வண்டியானால் ஆயிலைத் தொட்டு முகருங்கள். கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகியிருக்கும். செக்கச்செவேலென்று இருந்தால் இன்னும் உஷார்: நேற்றுதான் மாற்றியிருப்பார்கள்.

அட்வான்ஸ் கொடுக்குமுன் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்றிப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு வியாபாரி முகம் சுளித்தால், எந்த ஸ்கேனரும் காட்டாத கோடு அதுதான்.