அரக்கு படும் பாடு

எங்கள் வீட்டு அறுபதாம் கல்யாணப் பத்திரிகை அரக்கு நிறத்தில் இருக்க வேண்டும், ஆச்சியின் கண்டாங்கிச் சேலைக் கரை மாதிரி. கேட்டது அவ்வளவுதான். கண்டாங்கிக்கு 2019-இலேயே புவிசார் குறியீடு வந்துவிட்டது. அதன் அரக்குக்குத்தான் ஒரு குறியீடும் இல்லை.

செக்காலையில் டிசைன் போடும் தம்பியின் கோரல்டிராவில் அது அரக்கு. ஃபோட்டோஷாப்பில் திறந்தால் கத்தரிப்பூ. பிஎன்ஜி ஆகி என் செல்போனுக்கு வந்தபோது மாதுளை. அச்சாகி வந்தது பழைய வெல்லம்.

“நம்ம சிஸ்டத்துல கரெக்டாத்தாண்ணே இருக்கு” என்றார். இருந்தது. பத்திரிகையோடு அவர் சிஸ்டத்தையும் வீடு வீடாக வைத்துவிட்டு வரலாம்.

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியில் நிறம் காட்டுகிறது. அச்சு நாலு மையில். நடுவே துபாஷி வேலை பார்ப்பது ஐசிசி புரொஃபைல். இதற்கு இலக்கணம் வகுக்கவே 1993-இல் ஒரு கூட்டமைப்பு உருவானது. 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிறவெளியை முன்வைத்தன. கோப்பைச் சேமிக்கும்போது புரொஃபைலையும் சேர்க்க, சின்னக் கட்டம் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். தம்பி அடிப்பதில்லை.

“ஃபைல் சைஸ் கூடிரும்ணே.”

சில கிலோபைட்தான். இதே தம்பிதான் இருபதடி ஃபிளெக்ஸில் மாப்பிள்ளைக்குப் பின்னால் சுவிட்சர்லாந்தையே வைப்பவர்.

ஆச்சி பேசவில்லை. பழைய கண்டாங்கிக் கரையில் ஒரு விரற்கடை வெட்டிக் கொடுத்தனுப்பினார்.

தம்பி அதை பக்தியோடு ஸ்கேன் செய்தார்.

ஆரஞ்சு.