மேம்பட்ட சம்பளப் பட்டியல்

எங்கள் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடுவது மனிதர் அல்ல, ஒரு மேக்ரோ. எப்போதோ ஓய்வுபெற்ற ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போனது. பட்டனைத் தட்டினால் பி.எஃப். கழியும், வரி கழியும், ரசீது அச்சாகும். அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் விசாரித்ததில்லை. சம்பளம் வருகிற வழியில் நின்று கேள்வி கேட்பது எங்கள் பிரிவின் வழக்கமில்லை.

அப்படிப்பட்ட ஒரு மாதக் கடைசியில் கணக்கு மென்பொருள் தன்னைத்தானே மேம்படுத்திக்கொண்டது. 'புதியது என்ன?' என்று ஒரு பெட்டி திறந்தது. பொத்தான்களின் மூலைகள் வட்டமாகிவிட்டனவாம். மகிழ்ச்சியோடு வட்ட மூலைப் பட்டனைத் தட்டினேன். 'எதிர்பாராத பிழை' என்றது. எதிர்பார்த்த பிழை என்று ஒன்றை அது இதுவரை காட்டியதே இல்லை.

ஐ.டி. பிரிவுத் தம்பி வந்தார்.

"சார், ரீஸ்டார்ட் பண்ணீங்களா?"

"பண்ணிட்டேன்பா."

"இன்னொரு வாட்டி பண்ணுங்க."

பண்ணினேன். பிழை இம்முறை சீக்கிரமாகவே வந்தது. மேம்பாடு என்றால் சும்மாவா!

பிறகு அவர் மேக்ரோவை ஒவ்வொரு வரியாக ஓட்டி, நின்ற இடத்தைப் பிடித்தார். "மேக்ரோல தப்பே இல்ல சார். அது கூப்பிடுற ஃபங்ஷன புது வெர்ஷன்ல எடுத்துட்டாங்க."

"எடுத்து எங்க வெச்சாங்க?"

பதில் சொல்லாமல் வேறொரு வரி எழுதினார். மேக்ரோ ஓடியது. நான் கைதட்டப் போனேன். தடுத்துவிட்டு, போன மாதப் பட்டியலைக் கேட்டார். நின்றுபோகிற மேக்ரோ யோக்கியனாம். நிற்காமல் தப்பாக ஓடுவதுதான் ஆபத்தாம். ஒப்பிட்டால், 3-4 அன்று வேலையில் சேர்ந்தவரை மேம்பட்ட மென்பொருள் மார்ச் 4-க்கு அனுப்பியிருந்தது. 13-ஆம் தேதி சேர்ந்தவர்கள் தப்பினார்கள். வருடத்தில் பதின்மூன்றாம் மாதம் இல்லாத புண்ணியம்.

இது எங்கள் ஒரு ஆபீஸ் சங்கதி இல்லை. 2008-இல் பைத்தான் 3 என்ற நிரல்மொழிப் பதிப்பு வந்தபோது 'பிரிண்ட்' என்ற எளிய கட்டளைக்கே அடைப்புக்குறி கட்டாயமானது. பழைய நிரல்கள் அப்படியே படுத்துவிட்டன. பைத்தான் 2-க்கு ஆதரவு நின்றது 2020 ஜனவரி 1-இல். அதுவரை உலகம் அடைப்புக்குறி போட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் எக்செல்லில் ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து, தேதியாக மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 வரும். அப்படி ஒரு நாள் பிறக்கவே இல்லை. 1900 லீப் வருடம் அல்ல. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் செய்த தப்பு அது. லோட்டஸ் கோப்புகளின் தேதிகள் மாறாமல் வந்துசேர வேண்டுமே என்று எக்செல் தெரிந்தே அதைத் தத்தெடுத்தது. இப்போது திருத்தினால் உலகத்துத் தேதிகளெல்லாம் ஒரு நாள் நகருமென்று எத்தனையோ மேம்பாடுகளுக்குப் பிறகும் பொத்திப் பாதுகாக்கிறார்கள்.

ஆக, சரியாக ஓடுவதை மாற்றத்தான் துணிகிறார்கள். எல்லோரும் நம்பியிருக்கிற தப்பைத் தொட நடுங்குகிறார்கள்.

தம்பி கிளம்பும்போது, "அடுத்த அப்டேட் வரைக்கும் ஓடும் சார்" என்றார். எனக்கு அது போதாது. எங்கள் மேக்ரோவையும் மாபெரும் தப்பு என்று யாராவது அறிவித்துவிட்டால், ஓய்வுபெறும்வரை நிம்மதியாகச் சம்பளம் வாங்குவேன்.