நேரலை பார்க்காதவர்

கஞ்சன் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் கணக்கு இடிக்கிறது. பிரிட்டனில், பிபிசியின் செலவுக்காக டிவி பார்ப்பவர்களிடம் வாங்கும் டிவி லைசென்ஸ் கட்டணத்தைக் கட்டமாட்டேன் என்று நிற்கும் இந்த மனிதர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். 2025 ஏப்ரலில் ஆண்டுக் கட்டணம் 174.50 பவுண்டு ஆனது. நாள் கணக்கில் 48 பென்ஸ். கடையில் ஒரு டீ குடிக்கக் காணாது. அந்த 48 பென்ஸை மிச்சம் பிடிக்க அவர் விதிகளைப் படித்த நேரத்துக்குக் கூலி போட்டால், பிபிசியில் ஒரு தொடரே எடுத்துவிடலாம். அதனால் காசு காரணமில்லை. நான் சொல்வது இதுதான்: அந்த நாட்டில் டிவி லைசென்ஸ் சட்டத்தை ஆசாரம் குறையாமல் அனுஷ்டிக்கிறவர், லைசென்ஸ் இல்லாத இவர் ஒருவரே. அவரைப் பெற்றெடுத்ததும் அந்தச் சட்டமே.

பெட்டி வைத்திருந்தால் வரி என்று ஒரே வரியில் முடித்திருந்தால் இவர் பிறந்தே இருக்கமாட்டார். வீட்டில் டிவி இருப்பது மட்டும் குற்றமில்லை. அதில் என்ன பார்க்கிறார், எப்போது பார்க்கிறார் என்பதே கேள்வி. எந்தச் சேனலானாலும், கைப்பேசியே ஆனாலும், ஒளிபரப்பாகும்போதே பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். பிபிசியின் ஐபிளேயரில் பார்ப்பதென்றால், 2016 செப்டம்பரிலிருந்து, பழைய நிகழ்ச்சிக்கும் வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் கிடக்கும் படம், டிவிடி, யூடியூபில் முன்பே ஏற்றிவைத்த காணொளி இவற்றுக்கு வேண்டாம். ஆக, நம் பாட்டிமார் ராகுகாலம், எமகண்டம் பார்த்ததுபோல் இவர் நேரலை பார்த்து ஒதுங்குகிறார். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று ஊரே டிவி முன்னால் இருக்க, இவர் பழைய டிவிடி ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்காருவார். பக்கத்து வீட்டுக் கூச்சல் சுவரைத் தாண்டி வந்து, கோல் விழுந்ததை அறிவிக்கும். கேட்பதற்குக் கட்டணமில்லை, ரேடியோ லைசென்ஸை 1971-லேயே எடுத்துவிட்டார்கள். இந்த நுணுக்கமெல்லாம் அவர் மூளையில் முளைத்தது என்று யாரும் நினைக்கவேண்டாம். வெளியூரில் தங்கிப் படிக்கும் பிள்ளை மடிக்கணினியைச் சொந்த பேட்டரியில் ஓட்டி டிவி பார்த்தால் பெற்றோர் வீட்டு லைசென்ஸே போதும், சார்ஜர் வயரைச் சுவரில் செருகிக்கொண்டு பார்த்தால் போதாது என்று விதி வகுத்தவர்களுக்கு, இவரைப் பார்த்துச் சிரிக்க என்ன யோக்கியதை இருக்கிறது?

கொள்கைக்காரர் அவர், பிபிசியின் போக்கு பிடிக்காமல் விலகி நிற்கிறார் என்று சிலர் வக்காலத்து வாங்குவார்கள். ஒத்துக்கொள்ளலாம்தான். ஆனால் காலையில் எழுந்ததும் அவர் திருகுவது பிபிசி வானொலியை. படிப்பது பிபிசி இணையதளத்தை. இரண்டும் அவருக்கு இலவசம், செலவு மற்றவர்களுடைய லைசென்ஸில். சட்டம் அனுமதிக்கிறதே என்பார். அனுமதிக்கிறது, அதைத்தான் நானும் சொல்கிறேன். அவருடைய கொள்கையின் எல்லைக்கல் சரியாகச் சட்டம் நட்ட இடத்திலேயே நிற்கிறது, ஓர் அங்குலம் இப்படி அப்படி இல்லை.

அப்படியானால் இப்படிப்பட்டவர்களைப் பிடிக்கத்தானே அதிகாரிகள் இருக்கிறார்கள், 1,000 பவுண்டு வரை அபராதம் இருக்கிறதே என்று கேட்கலாம். இங்கேதான் வேடிக்கை கொஞ்சம் கசக்கிறது. பெயரில்லாமல், ‘குடியிருப்பவருக்கு’ என்று வரும் எச்சரிக்கைக் கடிதங்களை அவர் தேதிவாரியாகக் கோப்பில் போட்டுவைத்திருக்கிறார். எந்த வீட்டில் டிவி ஓடுகிறது என்று அலையை வைத்துக் கண்டுபிடிக்கும் வேன்கள் 1952-லிருந்து ஊரைச் சுற்றுவதாகக் கேள்வி. அவற்றுக்கும் அவர் அசையமாட்டார். வாசலுக்கு வரும் ஆளுக்கு நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் உள்ளே நுழைய உரிமையில்லை, கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டாயமும் தனக்கில்லை என்பது அவருக்கு மனப்பாடம். கதவைத் திறந்து, “ஆமாம், பார்த்துக்கொண்டிருந்தேன்” என்று உள்ளதைச் சொல்கிறவர்கள்தான் வழக்கில் மாட்டுகிறார்கள். அப்படி மாட்டுகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் பெண்கள். பகலில் வீட்டில் இருப்பதும், மணி அடித்தால் போய்த் திறப்பதும் பெரும்பாலும் அவர்களே என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. கட்ட முடிந்தும் கட்டாதவர் விதியைப் படித்துத் தப்பிக்கிறார். கட்ட வழியில்லாதவளுக்கு விதியைப் படிக்க நேரமில்லை.

மணி அடிக்கிறது. நம்மவர் திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வந்த ஆள் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, கையிலிருக்கும் பட்டியலில் ஏதோ குறித்துக்கொண்டு, எதிர்வீட்டு மணியை அடிக்கிறார். அங்கே இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வந்து கதவைத் திறக்கிறாள். அவளுக்குப் பின்னால் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது.