‘புகார் தீர்க்கப்பட்டது’ துறைக்கு ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்: ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருக்கும் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் மாண்புமிகு சேவைப் பிரிவு.

பொருள்: இசட் டிரைவ் – சிவப்புப் பெருக்கல் குறி – புகாரைத் தீர்த்துவைத்தமைக்கு நன்றி நவிலல் – தொடர்பாக.

ஐயா,

20ஆம் தேதி மாலை. ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாள். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். ஆடிட்டர் அலுவலகத்து ஜூனியர் பெண் டேலி டேட்டாவைப் பென்டிரைவில் ஏற்றி மேசைக்கு மேசை ஓடிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஹார்டுவேர் கடை முதலாளி, “ஏம்மா, சர்வர்னு ஒண்ணு வாங்கினதா சார் சொன்னாரே?” என்றார். அப்போது பார்த்துத் தங்கள் குறுஞ்செய்தி வந்தது: புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. ஐந்து நட்சத்திரமும் கேட்டிருந்தீர்கள்.

சர்வர் என்பது மேசைக்கடியில், எல்லாருக்கும் பொதுவான கோப்புகளை வைத்திருக்கும் பழைய நாஸ் பெட்டிதான். கம்ப்யூட்டர்களில் அது இசட் டிரைவாகத் தெரியும். விண்டோஸ் 10 ஓடும் இரண்டு பழைய கம்ப்யூட்டர்களில் இசட் டிரைவ் ஒழுங்காகத் திறக்கிறது. புதிதாக வந்த விண்டோஸ் 11 மட்டும் திறக்க மறுக்கிறது. பிங் அடித்தால் பதில் வருகிறது. ஆக, கேபிளும் சுவிட்ச்சும் நிரபராதிகள். அடையாளம் காட்டாத விருந்தினரைப் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்று திரையிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. தங்கள் பொறியாளர் அந்தச் செய்தியை ‘ஓகே’ அழுத்தி மூடினார். அதுவும் தீர்க்கப்பட்டது.

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, புரோ கம்ப்யூட்டர்களில் பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் நுழைவை நிறுத்திவிட்டது, கோப்புப் பகிர்வுக்கான எஸ்.எம்.பி. நெறிமுறையில் கையொப்பத்தையும் கட்டாயமாக்கியது. பெட்டியில் ஆளுக்கொரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் போட்டு, ஃபர்ம்வேரைப் புதுப்பித்திருந்தால் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

தாங்கள் செய்தது வேறு. ஃபயர்வாலை அணைத்தீர்கள். அந்த நெறிமுறையின் பழைய வடிவமான எஸ்.எம்.பி.1-ஐத் திறந்துவிட்டீர்கள். 2017 மே மாதம் வானாகிரை ரான்சம்வேர் அந்த ஓட்டை வழியாகத்தான் புகுந்து பிரிட்டிஷ் அரசு மருத்துவமனைகளையே முடக்கியது. அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து புதிய விண்டோஸில் எஸ்.எம்.பி.1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வருமானக் கணக்கும் பான் எண்ணும் கிடக்கிற இடம் ஐயா அந்தப் பெட்டி! கதவு திறக்கவில்லை என்று கூப்பிட்டால் சுவரை இடித்துவிட்டா போவார்கள்? இடித்த பிறகும் கதவு திறக்கவில்லையே!

மன்னிக்கவும். தங்கள் சேவை இணையற்றது. இவ்வளவுக்குப் பிறகும் புகார் தீர்ந்தே இருக்கிறது.

அலுவலகத்தார் பணிவுடன் கேட்பது கொஞ்சம்தான். எஸ்.எம்.பி.1-ஐ மூடுங்கள், ஃபயர்வாலைத் திரும்பப் போடுங்கள். பெட்டியின் ஐ.பி. முகவரியை நிரந்தரமாக்குங்கள், மின்சாரம் போய்வரும்போதெல்லாம் ரவுட்டர் அதற்குப் புது முகவரி கொடுக்கிறது. அதன் அட்மின் பாஸ்வேர்டு, தங்களிடமிருந்து வேலையை விட்டுப் போன பையனுக்கு மட்டும்தான் தெரியுமாம். அவரைக் கண்டுபிடித்துத் தாருங்கள்.

அடுத்த ஆண்டுப் பராமரிப்புக்கான பில் எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்து சேர்ந்தது. முறைப்படி இசட் டிரைவில் போட்டு வைத்திருக்கிறார்கள். பணம் அனுப்புகிறவர் புதிய கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் திறந்ததும் அனுப்பிவிடுவார்.