காசிமேட்டுல இல்லாத ஃபிஷிங்கு

இன்னா வாத்யாரே! வடசென்னையில லாரி கிளீனர்லேருந்து டீக்கடை மாஸ்டர் வரைக்கும் யாரைப் பாத்தாலும் வாத்யாரேன்னுதான் கூப்புடுவோம். சம்பளம் வாங்கிக்கினு வாத்யாரா இருக்கறவன் இந்தத் தெருவுல நீ ஒருத்தன்தான். உங்க நைனாவும் நானும் மாதவரம் பால் பண்ணைல ஒண்ணா எருமைக்குத் தண்ணி காட்டினவங்க. அந்த உரிமைல ரெண்டு வார்த்தை. கோச்சிக்காம குந்து.

போன வாரம் உங்க பள்ளிக்கூடத்துல இணையப் பாதுகாப்புக் கூட்டம்னு சொல்லி பேத்தி என்னை இஸ்துக்கினு வந்துட்டா. மூலக்கடைலேருந்து மெட்ரோவுக்குத் தோண்டின எடத்தையெல்லாம் சுத்திக்கினு வந்து சேர்றதுக்குள்ள முட்டி கழண்டு போச்சு. சரி, ஃபேனு ஓடுதேன்னு உக்காந்தேன்.

நீ திரைல மொதல்ல போட்டது 'ஃபிஷிங்'. என் பக்கத்துல ஒரு காசிமேட்டுக்காரரு, யாரோட தாத்தாவோ, தூங்கிக்கினு இருந்தவரு சட்டுனு நிமிந்து உக்காந்தாரு. நம்ம தொழிலைப் பத்தி ஒரு பள்ளிக்கூடத்துல பேசறாங்களேன்னு மனுசனுக்கு ஒரே சந்தோசம். நீ விளக்கம் சொன்னப்புறம்தான் இது லிங்க்கை அனுப்பி துட்டு புடுங்கற தூண்டில்னு புரிஞ்சிது. அவரு எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டாரு பாரு: "எங்க விசைப்படகுக்கு வருசா வருசம் ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். மீனு குஞ்சு பொரிக்கட்டும்னு கவருமெண்டு வலையைச் சுருட்டி வைக்கச் சொல்லுது. இந்த ஃபிஷிங்குக்கு ஒரு நாளு கூட தடைக்காலம் கெடையாதா சார்? இந்தப் புள்ளைங்களும் குஞ்சுங்கதானே?" நீ 'நல்ல கேள்வி'ன்னு சொல்லிட்டு அடுத்த படத்துக்குத் தாவிட்ட.

அடுத்தது 'க்ரூமிங்'. எருமையைத் தேய்ச்சுக் குளிப்பாட்டறதுன்னு நெனச்சேன் நான். நம்ம பேட்டையிலேயே கால்நடைப் பல்கலைக்கழகத்தை வச்சிக்கினு வேற எப்டி நெனைப்பேன்? நீ இங்கிலீசுல நாலு வரி படிச்ச, எட்டாங்கிளாஸு புள்ளைங்க மொத்தமா கொட்டாவி விட்டுச்சு. என்னைக் கேட்டிருந்தா எருமையை வச்சே சொல்லியிருப்பேன்.

புது ஆளு செம்பைத் தூக்கிக்கினு வந்தா எருமை பாலை எறக்காது, ஒதைக்கும். வெவரமான கறவைக்காரன் மொத நாளு மடியில கையே வைக்கமாட்டான். புண்ணாக்கு குடுப்பான். கழுத்தைத் தடவுவான். பேரு வச்சுக் கூப்புடுவான். நாலாம் நாளு எருமை தானா வந்து நிக்கும், வளத்தவனையே கிட்ட சேர்க்காது. போன்ல கேம் ஆடறப்ப 'சூப்பரா ஆடற தங்கச்சி, டைமண்டு வாங்கித் தரேன்'னு வர்ற முகம் தெரியாத அண்ணன் இருக்கான் பாரு, அவன் இந்தக் கறவைக்காரன்தான். 'நாம பேசறதை உங்க வூட்ல சொல்லாத'ன்னு என்னிக்கு சொல்றானோ அன்னிக்கு செம்பை எடுத்துட்டான்னு அர்த்தம். இதைச் சொல்றதுக்கு திரை எதுக்கு, கரண்டு எதுக்கு?

அப்பால ஒரு படம் போட்ட. தலையில முக்காடு போட்டுக்கினு இருட்டுல கம்ப்யூட்டர் தட்டறவன். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இவன்தான் வர்றான். மாதவரம் வெயில்ல எவன்யா முக்காடு போட்டுக்கினு உக்காருவான்?

2021 மே மாசம், கொரோனா நேரத்துல, இதே சென்னையில ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் மேல ஆன்லைன் கிளாஸ்ல தப்பா நடந்துக்கினாருன்னு புகாரு கெளம்பிச்சே, மறந்துட்டியா? போலீஸு புடிச்சிக்கினு போச்சே? அவரு முக்காடு போட்டவரில்ல வாத்யாரே, அட்டெண்டன்ஸ் எடுத்தவரு. அதுக்கப்பாலதான் ஆன்லைன் கிளாஸை முழுசா பதிவு பண்ணி வைக்கணும், அதை ஒரு குழு பாக்கணும்னு அரசாங்கம் சொல்லிச்சு. மாணவர் பாதுகாப்புக்குன்னு குழு, புள்ளைங்க புகாரை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி எல்லாம் வந்திச்சு. இதுல ஒரு வார்த்தையாவது உன் திரைல வந்திச்சா? புள்ளைங்ககிட்ட அந்நியனைப் பத்தி பேசறது சுளுவு. தெரிஞ்சவனைப் பத்தி பேசத்தான் நாக்கு ஒட்டிக்குது.

பெட்டின்னதும் ஞாபகம் வருது. உங்க பள்ளிக்கூடத்துல அதை எங்க மாட்டியிருக்கீங்க? ஹெட்மாஸ்டர் ரூமு வாசல்ல, அவரு நாற்காலிக்கு நேரா. சீட்டு போடற புள்ளை யாருன்னு எல்லாரும் பாக்கறதுக்கு எவ்ளோ வசதி! வாட்டர் டேங்க் பக்கமா மாட்டியிருந்தா தண்ணி குடிக்கற சாக்குல போட்டிருக்கும். பெட்டி காலியா இருக்கறதைப் பாத்து, நம்ம பள்ளிக்கூடத்துல பிரச்சினையே இல்லன்னு மேடையில வேற சொன்னாரு. காலி உண்டியலைக் காட்டி ஊர்ல சாமியே இல்லங்கற மாதிரி.

கூட்டம் முடிஞ்சுதா? உறுதிமொழி எடுத்தாங்க. 'என் போட்டோவை யாருக்கும் அனுப்பமாட்டேன்'னு நூத்தம்பது புள்ளைங்க கையை நீட்டிக்கினு சொல்லிச்சு. அதை நீ போட்டோ புடிச்ச. சாயங்காலமே முகம், யூனிஃபார்மு, பள்ளிக்கூடத்துப் பேரு, எந்த கிளாஸு எல்லாத்தோடயும் ஃபேஸ்புக்ல ஏத்திட்ட. என் பேத்தி காட்டினா. நான் சிரிச்ச சிரிப்புல வெத்தலை பொறை ஏறிடுச்சு. 18 வயசு ஆவாத புள்ளைங்க வெவரத்தை எடுக்கணும்னா பெத்தவங்க சம்மதம் வாங்குன்னு கம்பெனிக்காரனுக்கே 2023ல சட்டம் போட்டாச்சு. உனக்கு சட்டம் வேணாம், கொஞ்சம் வெக்கம் இருந்தா போதும்.

இப்ப உள்ளதைச் சொல்றேன், சிரிக்காத. எருமைக்கு வாலடியில புண்ணு வந்தா கிட்ட போறவனை ஒதைக்கும். சில பேரு அதுக்காக அடிப்பானுங்க. அடி வாங்கின எருமை அப்பால புண்ணைக் காட்டாது. சேத்துல போயி படுத்துக்கும். புழு வச்சு நாத்தம் வந்தப்புறம்தான் நமக்குத் தெரியும்.

என் பேத்திக்கும் அப்டி ஒண்ணு நடந்துச்சு. எவனோ போட்டோ கேட்டு தொல்லை குடுத்திருக்கான். ஒண்ணரை மாசம் யாருகிட்டயும் சொல்லல. ஏண்டின்னு கேட்டேன். "சொன்னா அப்பா போனைப் புடுங்கிடுவாரு. பள்ளிக்கூடத்துல சொன்னா, உனக்கெதுக்கு அந்தக் கேமுன்னு எல்லார் முன்னாடியும் கேப்பாங்க." கடைசியா ஆயாகிட்டதான் சொல்லியிருக்கா. ஆயாவுக்கு போனை எடுத்து ஹலோ சொல்றதோட சரி. ஆனா திட்டாம கேட்டுது பாரு. நீ நாப்பது படம் காட்டினியே, 'எது நடந்தாலும் சொல்லு, உன்னைத் திட்டமாட்டேன்'னு ஒரு படம் இல்லையேப்பா. உதவிக்குக் கூப்புடற 1098 நம்பரைப் பெருசா போட்ட, நல்லது. 14417ம் போட்ட. ஆனா பக்கத்துல நிக்கற வாத்தியார்கிட்ட சொல்ல முடியாத புள்ளை, முகம் தெரியாத நம்பருக்கா மொதல்ல பேசும்?

இன்னொண்ணு. பாடம் யாருக்கு வேணும்? போன மாசம் எனக்கு ஒரு மெசேஜு: கரண்டு பில்லு கட்டல, இன்னிக்கு ராத்திரி ஒம்பதரைக்கு ஃபியூஸைப் புடுங்கிடுவோம், இந்த நம்பருக்குப் பேசு. எனக்கு கை நடுங்கிப் போச்சு. நம்பரைப் போட்டுக்கினு இருக்கறப்ப எட்டாங்கிளாஸு படிக்கற என் பேத்திதான் புடுங்கிக்கினா. "டுபாக்கூர் தாத்தா! ஈபி-காரங்க இப்டி கூப்புடமாட்டாங்க. துட்டு போயிருந்தா அந்த நிமிசமே 1930க்குப் பேசணும்." எனக்கு எழுவத்தி மூணு வயசு, அவளுக்கு பதிமூணு.

அதனால அடுத்த கூட்டத்துல நீ பேசாத. புள்ளைங்களை முன்னாடி நிறுத்து, ஆயா தாத்தாவையெல்லாம் பெஞ்சுல குந்த வை. அதுங்க எங்களுக்குச் சொல்லட்டும், நாங்க கறவைக்காரன் கதையையும் தூண்டில் கதையையும் அதுங்களுக்குச் சொல்றோம். காசிமேட்டுக்காரரைக் கூட்டிக்கினு வர்றது என் பொறுப்பு. டீ மட்டும் நல்லதா சொல்லு.

அப்பறம், ஸ்டாஃப் ரூம்ல கம்ப்யூட்டர் மேல பாஸ்வேர்டை எழுதி ஒட்டி வச்சிருக்கீங்க, பள்ளிக்கூடத்துப் பேரும் ஒண்ணு ரெண்டு மூணும். தண்ணி குடிக்க வந்த நானே படிச்சிட்டேன். நாளைக்கு மொத வேலையா அதைக் கிழிச்சிப் போட்டு, வேற மாத்திடு.